முள் எடுத்த மீன்

அப்பா,

இன்று காலை பழக்கத்தில் மீன் வாங்கி வந்துவிட்டேன். வராந்தா அடுப்பில் உங்கள் அலுமினியச் சட்டியை ஏற்றி, தண்ணீர் கொதித்து, மீனைப் போட்டு, ஆவி முகத்தில் அடித்த பிறகுதான் இதைச் சாப்பிட இப்போது ஆளில்லை என்று உறைத்தது.

இந்த வங்காள ஊரில் மீன் வாசனை இல்லாத தெரு கிடையாது. ஆனால் அதெல்லாம் கடுகெண்ணெயிலும் மஞ்சளிலும் புரண்டு வருகிற வாசனை. உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகிற மீனுக்கு வேறொரு வாசனை உண்டு. ஈரச் சாக்கும் குளத்துப் பாசியும் கலந்த மாதிரி. டாலிகஞ்சில் அந்த வாசனை வந்த வீடு நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். அதுவும் தலைமுறை தலைமுறையாகக் கவிச்சி தொடாத திருநெல்வேலிச் சைவ வீடு.

செவலை போய்விட்டாள். போன வாரம், வெயில் விழுகிற அவளுடைய மூலையில். சாப்பாடு வைத்துவிட்டு வழக்கம்போலத் தரையைக் காலால் தட்டினேன். அதிர்வு அவளுக்குப் போய்ச் சேரும், தலையைத் தூக்குவாள். தூக்கவில்லை. இன்னொரு முறை தட்டிப் பார்த்தேன். வலித்த மாதிரித் தெரியவில்லை. இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வேறு யாரிடம் சொல்வது?

அவள் அம்மாவின் நாய். மழைக்குப் பயந்து மாடிப்படியில் ஒண்டிய குட்டியை அம்மா முந்தானையில் சுற்றித் தூக்கி வந்த அன்று நீங்கள் வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றீர்கள். "சைவ வீட்டுல நாயா? நாளைக்கு எலும்பு கேக்கும் பாத்துக்கோ" என்றீர்கள். அம்மா உங்களைத் தாண்டிக்கொண்டே உள்ளே போய், "நம்ம வீட்டுல இருந்தா நம்ம சாப்பாடுதான். இதுவும் சைவப் பிள்ளைதான்னு நினைச்சுக்கோங்க" என்றாள். நீங்கள் சிரித்ததை நான் பார்த்தேன். அதன் பிறகு காலையில் பால், மத்தியானம் தயிர்ச் சோறு, சாயங்காலம் மறுபடி பால் என்று வளர்ந்தாள். தெருப் பிள்ளைகள் அவளை லாலி என்று கூப்பிட்டார்கள். நமக்குச் செவலை. இரண்டு பெயருக்கும் வாலாட்டுவாள்.

அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு "பொய் நேய்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பயம் இல்லை, ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். வங்காளத்தில் பயத்தைச் சொல்கிற வார்த்தை நம் காதில் 'பொய்' என்றே விழும். அவர்கள் இறங்கிப் போனதும் நீங்கள் என்னிடம், "இந்த ஊருல பயத்துக்குப் பேரே பொய்தானாம்ட்டி" என்றீர்கள். அந்த நாட்களில் நீங்கள் செய்த ஒரே வேடிக்கை அதுதான்.

அம்மா போன பிறகு வீட்டில் சத்தம் நின்றுபோனது. நீங்கள் அலிப்பூர் ஆபீசிலிருந்து வந்து வங்காளப் பேப்பரை விரிப்பீர்கள். நான் கல்லூரியிலிருந்து வந்து நூலகப் புத்தகத்தை விரிப்பேன். இரண்டு பேருக்கும் நடுவில் செவலை படுத்திருப்பாள். "அது சாப்பிட்டுதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். "ம்" என்பேன். "வெளிய போயிட்டு வந்துதா?" "ம்." நம் உரையாடல் மொத்தமும் அவ்வளவுதான். அவள் இல்லாமல் போனால் அந்த 'ம்' கூட இருக்காது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கும் தெரிந்திருந்தது என்பதை அப்புறம்தான் புரிந்துகொண்டேன்.

அப்போதுதான் சொறிய ஆரம்பித்தாள். முதலில் பாதத்தை நக்கினாள். பிறகு வயிறு சிவந்தது. காதுக்குப் பின்னால் முடி கொத்தாகக் கையோடு வந்தது. தோல் தடித்து, கறுத்து, வெடித்து, அதிலிருந்து நீர் கசிந்தது. காதுக்குள்ளிருந்து மஞ்சளாக ஏதோ ஒழுகி, ஈ மொய்த்தது. கடிக்காமல் இருக்க அட்டையை வட்டமாக வெட்டிக் கழுத்தில் மாட்டினீர்கள். அதோடு சுவரில் உராய்ந்தாள். சுவரில் ரத்தக் கோடு விழுந்தது.

கீழ் வீட்டு மாஷிமா, நம் வீட்டுச் சொந்தக்காரி, மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு மேலே ஏறி வந்தாள். அத்தனை வருஷமாக நம்மோடு பேசிப் பேசி அவளுக்குத் தனித் தமிழ் ஒன்று கைவந்திருந்தது. "பாபு, உங்க வைஃப் போனதுக்கு நானும் அளுதேன். ஆனா என் பேரப்பசங்க இந்தப் படியிலதான் விளையாடுது. பூஜோக்கு முன்னால சரியாகலேன்னா கார்ப்பரேஷன் வண்டியக் கூப்பிடுவேன். ராக் கோராதீங்க, கோபப்படாதீங்க." அந்த வண்டியில் ஏற்றப்பட்ட நாய் திரும்பி வந்ததாகத் தெருவில் எவரும் சொன்னதில்லை.

காளிகாட் பக்கத்துச் சந்தில் இருந்த கால்நடை மருத்துவரிடம் நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது எனக்குத் தேர்வு. நீங்கள் வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியும். வயசானவர், வாய் நிறைய வெற்றிலை. "மாட்ராஜி நாயா? இட்லி தின்னுமா?" என்று கேட்டாராம். தோலைச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்து, சொறிப்பூச்சி இல்லை, சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வருகிற அரிப்பு, சொறிந்து சொறிந்து சீழ் பிடித்திருக்கிறது என்றாராம். ஊசி போட்டார். கந்தகக் களிம்பும் காதுக்குச் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார். மருந்தை எழுதுவார். சாப்பாட்டை வாயால் சொல்வார்.

"என்ன குடுக்கச் சொன்னாரு?" என்று கேட்டேன்.

உங்கள் முகம் அன்று தெளிந்திருந்தது. "பால் அறவே கூடாதாம். 'பாத்லா கோல்-பாத்'துன்னாரு. நூன், தேல், மொஷ்லா எதுவும் சேரக்கூடாதாம். புரியுதா? தண்ணியாக் கடைஞ்ச மோருல சோறு. உப்பு கூடாது, தாளிக்கக் கூடாது. உடம்புச் சூடு இறங்கணும்லா? மீன் தின்னுத வங்காளத்தான், ஆனா நம்ம வைத்தியம் சொல்லுதாரு பாரு. உங்க அம்மா வளத்தது தப்பில்லட்டி."

கடைசி வரியைச் சொல்லும்போது நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த அம்மா படத்தைப் பார்த்தீர்கள்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. சந்தேகப்பட என்ன இருந்தது? உங்கள் வங்காளம் ஆபீசில் பேர் போனது. தலையங்கத்தை ஒரு வார்த்தை விடாமல் படிப்பீர்கள். நான் கடைத்தெருவில் கற்ற வங்காளத்தைத் திருத்துவீர்கள். ஆனால் நீங்கள் அந்த மொழியைக் கண்ணால் கற்றவர். காகிதத்தில் கோலுக்கு ஓர் எழுத்து, ஜோல் என்கிற இன்னொரு வார்த்தைக்கு வேறோர் எழுத்து. வெற்றிலை குதப்பும் வாயிலிருந்து, மேலே மின்விசிறி கடகடக்க, மடியில் நாய் அலற, அந்த இரண்டும் எப்படிக் கேட்கும் என்று எந்தப் பேப்பரிலும் போடவில்லை.

தினமும் ஆபீசுக்குப் போகுமுன் மோர் கடைந்தீர்கள். வெண்ணெய் ஒரு துளி தங்காமல் துணியில் வடிகட்டினீர்கள். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் அவளைக் குளிப்பாட்டி, களிம்பு தடவி, அது காயும்வரை முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு பேப்பர் படித்தீர்கள். ஊசியின் வேகத்தில் சில நாள் அரிப்பு குறைந்தது. பிறகு முன்னைவிட மோசமாகத் திரும்பியது. "சாப்பாட்டு வைத்தியம் மெதுவாத்தான் கேக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றீர்கள். சூடு இறங்கவில்லை என்று மோரை அதிகமாக்கினீர்கள். அவள் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியபோது உள்ளங்கையில் ஊற்றி நக்க வைத்தீர்கள். உங்களுக்காகக் குடித்தாள், அப்பா. அது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பூஜை நெருங்கியது. தெரு முனையில் பந்தலுக்கு மூங்கில் நட்டார்கள். செவலைக்கு முதுகில் முடியே இல்லை. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டே நடந்தாள். மாஷிமா மேலே வருவதை நிறுத்திவிட்டாள். அது நல்ல அறிகுறி இல்லை.

அடுத்த முறை நானும் வந்தேன். மருத்துவர் அவளைப் பார்த்ததும் மேசையிலிருந்து எழுந்து வந்தார். காதை மடித்து முகர்ந்தார். "என்ன சாப்பாடு குடுக்கறீங்க?" என்று வங்காளத்தில் கேட்டார்.

நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். அழகான, புத்தகத்து வங்காளத்தில் சொன்னீர்கள்: "தாங்கள் சொன்னதைத்தான். கோல்-பாத். உப்பில்லை, எண்ணெயில்லை. பாலை அன்றே நிறுத்திவிட்டேன்."

"என்ன பாத்?"

"கோல்-பாத்."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். வாய் காலியானதும் அவர் குரலே வேறாக இருந்தது. "ஜோல், மொஷாய், ஜோல்! மாச்சேர் ஜோல்! பால் ஆகாதுன்னா மோர் மட்டும் ஆகுமா? பாலோட பிள்ளைதானே அது?"

கோல் என்றால் மோர். ஜோல் என்றால் குழம்பு. இந்த ஊரில் வெறும் ஜோல் என்றால் மீன் குழம்பு. உப்பு, எண்ணெய், மசாலா இல்லாத மீன் சாற்றில் சோறு. அவர் சொன்னது அதைத்தான்.

மூலை பெஞ்சில் பூனையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் களுக்கென்று சிரித்தார். மருத்துவரும் சிரித்துவிட்டார். "நான் ஜோல் சொன்னேன், பாபு கோல் குடிச்சிட்டு வந்திருக்கார்!" ஏமாந்து அலைக்கழிந்தவனை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், கோல் குடித்தவன் என்று. ஆனால் செவலையின் காதுக்குள் விளக்கை அடித்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தோல் தேறும் என்றார். காதைப் பற்றிக் கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றார். அவர் விரல் சொடுக்கியபோது அவள் திரும்பவில்லை. நான் அதைப் பார்த்தேன். நீங்கள் உங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

திரும்பும்போது கைரிக்ஷாவில் என்னையும் செவலையையும் ஏற்றிவிட்டு நீங்கள் பக்கத்தில் நடந்து வந்தீர்கள். மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட சாலை. உங்கள் வேட்டியெல்லாம் சேறு. பாதி வழியில், என்னிடம் இல்லை, சாலையிடம் சொல்வதுபோலச் சொன்னீர்கள்: "அவரு சரியாத்தான் சொல்லியிருக்காரு. நான்தான் எனக்கு வேணும்னதைக் கேட்டுட்டேன்."

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க முடியும்? பொய் நேய் என்றா?

மறுநாள் காலை நீங்கள் பையோடு கிளம்பினீர்கள். நான் போகிறேன் என்றதற்கு, "கேட்டது நான். வாங்கவும் நான்தான் போகணும்" என்றீர்கள். நான் பின்னாலேயே வந்தேன். டாலிகஞ்ச் சந்தையில் மீன் பகுதிக்குள் நீங்கள் கால் வைத்ததே இல்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஓடும் நீரில் கால் வைக்காமல் தாண்டித் தாண்டிப் போனீர்கள். அருவாமணையில் உட்கார்ந்திருந்த மீன்காரர் அதட்டிக் கூப்பிட்டார். "ஓ மாட்ராஜி சாமி! வழி தவறிட்டீங்களா? காய்கறி அந்தப் பக்கம்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிறு கெண்டையைக் கைநீட்டிக் காட்டினீர்கள். பெயர் தெரியாததால் விரலால் மட்டும்.

"யாருக்கு? கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வங்காளி மாப்பிள்ளை வராரா?"

"ஆமார் மேயேர் ஜொன்னோ" என்றீர்கள். என் பெண்ணுக்கு.

மீன்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நல்லதாக எடுத்துக் கொடுத்தார். நீங்கள் சொன்னது என்னை இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படியும் வீடு வரும்வரை அந்த வார்த்தையை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சமையலறைக்குள் அதைக் கொண்டுவர உங்களால் முடியவில்லை. வராந்தாவில் தனி அடுப்பு, தனிச் சட்டி. வெந்ததைத் தட்டில் ஆறவைத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஒவ்வொரு முள்ளாக எடுத்தீர்கள். அந்தச் சின்ன மீனில் மயிரிழை மாதிரி முள். விரல் நுனியெல்லாம் குத்தி வீங்கியது. முடிந்ததும் தலைக்குக் குளித்து, நீறு பூசி, அப்புறம்தான் உள்ளே வருவீர்கள். எப்போது குளிப்பதை நிறுத்தினீர்கள் என்று நினைவில்லை. ஒருநாள் மீன் மணக்கும் கையோடேயே வந்து உட்கார்ந்து பேப்பரை விரித்தீர்கள். அம்மா படம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

மாஷிமா வாசனை பிடித்து ஏறி வந்தாள். முந்தானை மூக்கில் இல்லை. "இப்பதான் இந்த வீட்ல மனுஷங்க இருக்கற மாதிரி வாசம் வருது" என்றாள். எட்டிப் பார்த்து முகம் சுளித்தாள். "சீ, மஞ்சள்கூட இல்லியா? பாவம் லாலி!" பூஜைக்குள் செவலையின் புண்கள் காய்ந்துவிட்டன. வண்டியைப் பற்றி மாஷிமா அப்புறம் பேசவில்லை. குளிர்காலத்தில் முதுகில் முடி முளைத்தது. இடது விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் கடைசிவரை முளைக்கவே இல்லை.

காது போனது போனதுதான்.

செவலை என்றாலும் லாலி என்றாலும் அவள் திரும்புவதில்லை. ஆனால் நீங்கள் அவளிடம் பேசத் தொடங்கினீர்கள். முள் எடுக்கும்போது, தமிழில், தாழ்ந்த குரலில். நான் கதவுக்கு இந்தப் பக்கம் புத்தகத்தை வைத்துக்கொண்டு பக்கம் திருப்பாமல் உட்கார்ந்திருப்பேன். அம்மா முதல்முதலாக ஹவுராவில் இறங்கியபோது அழுதது. அம்மாவுக்குப் பிடித்த புடவையை நீங்கள் வாங்கித் தராமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தது. கடைசி நாட்களில் எல்லாரும் பொய் நேய் சொன்னதை நீங்கள் நம்பியது. என்னிடம் சொல்ல முடியாததெல்லாம் காது கேட்காத அவளிடம் சொன்னீர்கள். உங்களை நான் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி அப்படி ஒட்டுக்கேட்டதுதான்.

பிறகு உங்கள் முறை வந்தது. உங்கள் கண்ணும் தோலும் மஞ்சளாகி, வயிறு கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெரிய டாக்டர் பேச என்னை வெளியே கூப்பிட்டபோது நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "அவரு என்ன வார்த்தை சொல்லுதாரோ அதைக் கொண்டு வந்து சொல்லு. நீ புரிஞ்சுக்கிட்டதை இல்ல" என்றீர்கள்.

தாழ்வாரத்தில் ஸ்ட்ரெச்சர் சக்கரங்களின் சத்தம். டாக்டர் வேகமாகப் பேசினார். முடிவில் அவர் சொன்னதை என் மனசு ஒரு கணம் 'பொய் நேய்' என்று எடுத்துக்கொண்டது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. போகத் திரும்பியவரை நிறுத்தி, தயவுசெய்து இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றேன். எரிச்சலோடு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

உள்ளே வந்தேன்.

"பொய் நேய்ன்னாரா?" என்று கேட்டீர்கள்.

"இல்லப்பா. உபாய் நேய்."

"சரியாக் கேட்டியா?"

"ரெண்டு தரம் கேட்டேன்."

"உபாயம். அது நம்ம வார்த்தையாச்சே" என்றீர்கள். "அதைத் தப்பாக் கேக்க முடியாது." கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். "செவலைக்கு இன்னைக்கு மீன் வச்சியா?"

"வச்சேன்."

"முள்ளு?"

"எடுத்துட்டேன்பா."

அதற்குப் பிறகு நீங்கள் கோவையாக எதுவும் பேசவில்லை.

இப்போது ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். எதையும் இரண்டாம் தரம் கேட்பவள் என்று அங்கே என்னைக் கேலி செய்கிறார்கள். காது மந்தமா என்று தலைமையாசிரியை ஒருநாள் கேட்டேவிட்டாள். இருக்கலாம் என்றேன். எனக்கு வேண்டியதைச் சொல்கிற ஆளிடம்தான் மறுபடி கேட்கிறேன் என்று அவளுக்கு எப்படி விளக்குவது? சந்தோஷமான செய்தியாக இருந்தால் இன்னும் அழுத்திக் கேட்கிறேன். அதனால் சில சந்தோஷங்கள் என்னிடம் நிற்காமல் போயிருக்கின்றன. போகட்டும்.

காலையில் வெந்த மீனைக் கொட்ட மனம் வரவில்லை. தட்டில் போட்டு ஆறவைத்தேன். கை தானாக முள் எடுக்கத் தொடங்கியது. பாதி எடுத்த பிறகு பார்க்கிறேன், படியில் மாஷிமா நிற்கிறாள். இப்போதெல்லாம் முட்டி வலி, நின்று நின்றுதான் ஏறுகிறாள். செவலை போனது அவளுக்குத் தெரியும். அவளும்தான் அழுதாள்.

"யாருக்கு இது?" என்று கேட்டாள்.

நான் இன்னொரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். என் காதில் விழவில்லை என்று நினைத்திருப்பாள். குனிந்து, கொஞ்சம் உரக்க, மறுபடி கேட்டாள்.

இரண்டாம் தரம் கேட்பவர்களுக்கு உள்ளதைத்தான் சொல்ல வேண்டும், அப்பா.

"யாருக்கும் இல்ல, மாஷிமா" என்றேன்.